இரண்டாவது தராசு

பிரேக்கை அழுத்த எத்தனை கிலோ விசை வேண்டும் என்று ஃபிட்டரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். காலால் மிதித்தால் இருபத்தெட்டு. அவர் மனதில் வரைந்து வைத்திருந்த கைநெம்புகோல் வழியாகத் தள்ளினால் ஏழு. அந்த ஏழு கிலோ தன் மனைவியின் இடது கையில் இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்பதுதான் அவருக்குத் தெரியாத ஒன்று.

மனைவியை அந்த வட்டாரமே டீச்சர் என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூட டீச்சர் இல்லை, டிரைவிங் ஸ்கூல் டீச்சர். பத்தொன்பது வருஷம், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலுக்கடியில் இருந்த தனி பிரேக்கை மட்டும் நம்பி உட்கார்ந்தவள். டாக்டர்கள், கடைக்காரர்கள், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்து ஒரே மாதத்தில் லைசென்ஸ் வாங்கிப் போன பெண்கள் என்று யார் வந்தாலும் முதல் பாடம் ஒன்றுதான். "கண்ணு ரோட்டுல இருக்கட்டும். கையைப் பார்க்காதீங்க, காலைப் பார்க்காதீங்க, என்னைப் பார்க்கவே பார்க்காதீங்க." ஃபிட்டருக்கும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். கற்றுக்கொடுத்துவிட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். "நீங்க வண்டி ஓட்டலைங்க, ரிப்பேர் பார்த்துக்கிட்டே போறீங்க" என்பாள். அது உண்மை. வண்டியில் எங்கே சின்னச் சத்தம் கேட்டாலும் அவர் காது அங்கே போய்விடும். கண்ணும் கூடவே போகும்.

போன வருஷம் ஒருநாள் டீச்சரின் கால் பிரேக்கைத் தேடிப் போய்ச் சேரவில்லை. கற்றுக்கொள்ள வந்தவர் மதிலில் இடித்து நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை. டீச்சர் மட்டும் இறங்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நரம்பில் வரும் நோய் என்றார் பெரிய டாக்டர். பாதத்தில் தொடங்கி மேலே ஏறும், தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டே வரும். "கைக்கும் வரும்மா. எப்பன்னு என்னால தேதி சொல்ல முடியாது" என்றார்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது, புதிதாக வாங்கிய மடக்குச் சக்கர நாற்காலி பின்னால் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது. ஃபிட்டரின் காது வழக்கம்போல அதன் பின்னால் போயிருந்தது. டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கைக்கு வர்றதுக்குள்ள ஒரு தடவை நானே ஓட்டணுங்க. நம்ம ஸ்கூல் கிரவுண்டுலேர்ந்து வீட்டு வாசல் வரைக்கும். பதினோரு நிமிஷம். பக்கத்துல யாரும் உக்கார்ந்து பிரேக் புடிக்கக் கூடாது."

"ரெண்டு வாரம் குடு" என்றார் ஃபிட்டர்.

அவர் அப்படிச் சொன்னதில் வீம்பு எதுவும் இல்லை. பம்பு செய்யும் தொழிற்சாலையின் டூல்ரூமில் முப்பது வருஷம் போட்டவர். வீட்டில் கதவுத் தாழ்ப்பாளிலிருந்து தண்ணீர்த் தொட்டியின் மிதவை வரை அவர் கை படாத சாமான் கிடையாது. அவர்களுடைய கார் தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வகை. அதனால் கிளட்ச் என்ற தொல்லை இல்லை. ஸ்டியரிங்குக்கு இடதுபக்கம் கீழே ஒரு நெம்புகோல். முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் ஆக்சிலேட்டர். வலது கைக்கு ஸ்டியரிங்கில் ஒரு உருண்டைக் கைப்பிடி. அவ்வளவுதான் வேலை.

டீச்சரின் தம்பி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவன். வாயாடி. அந்த வாரமே ஒரு அட்டையோடு வந்தான்.

"மாமா, இதுக்குன்னே ஒரு ஒர்க்ஷாப் இருக்கு. இதே வேலைதான், வருஷத்துக்கு நூறு கார் மாத்திக் குடுக்கறாராம். அவரே கையாலதான் ஓட்டறாரு. வண்டியை விட்டா ஒன்பது நாள், சர்ட்டிபிகேட்டோட வந்துடும். எல்லாத்தையும் நானே பார்த்துக்கறேன், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்."

"ஒண்ணும் பண்ணாம இருக்கறதுக்கு நான் எதுக்குடா?" என்றார் ஃபிட்டர்.

"அக்கா, நீ சொல்லேன்."

டீச்சர் சிரித்தாள். "இவரு நம்ம வீட்டு ஃபேனைக் கழட்டினப்போ எத்தனை நாள் விசிறிக்கிட்டு இருந்தோம்னு எனக்குத்தான் தெரியும். ஆனா மாட்டினதுக்கப்புறம் அது இன்னிக்கு வரைக்கும் சத்தம் போட்டதில்ல."

மைத்துனனுக்காக ஒரு தடவை அந்த ஒர்க்ஷாப்புக்குப் போனார். தனியாகத்தான் போனார். ஒர்க்ஷாப்காரருக்கு ஒரு கால் சூம்பியிருந்தது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேசைமேல் இருந்த மாதிரி நெம்புகோலை எடுத்துக் கொடுத்தார். ஃபிட்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெல்டு கோணல், போல்ட்டில் ஆட்டம், கைப்பிடிக்கு சைக்கிள் கடை ரப்பர். மொத்தமாக இருபது அடித்து வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் மாட்டி அனுப்புகிறார் என்று தோன்றியது.

"அவங்களைக் கூட்டிட்டு வாங்க சார்" என்றார் ஒர்க்ஷாப்காரர். "சீட்ல உக்கார வெச்சு, பெல்ட்டு போட்டு, நான்தான் கை பலம் அளப்பேன். வீட்டுல எடுத்துட்டு வர்ற அளவை நான் வாங்கறதில்ல."

ஃபிட்டருக்குச் சுருக்கென்றது. "நான் முடியை நாலாப் பிளந்து அளக்கற ஆளு."

"அளவு சரியாத்தான் சார் இருக்கும். ஆனா அது வீட்டு அளவு."

என்ன பேச்சு இது என்று நினைத்துக்கொண்டே அட்டையைச் சட்டைப் பையில் போட்டார். சட்டை சலவைக்குப் போனபோது அட்டையும் கூழாகிப் போயிற்று.

அளப்பதற்கு அவர் சாப்பாட்டு மேசையிலேயே ஓர் ஏற்பாடு செய்தார். மேசை விளிம்பில் ஒரு தற்காலிக நெம்புகோல். அதன் கீழ்முனைக்கும் மேசைக் காலுக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங் தராசு. பழைய பேப்பர்காரர்கள் தூக்கிப் பிடிப்பார்களே, அந்த வகை. டீச்சர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் நெம்புகோலைத் தள்ள வேண்டும். தராசின் முள் கீழே இருப்பதால் அவர் மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் படிக்க வேண்டும்.

"மேசைக்கு அடியில என்னங்க தனிக் குடித்தனம்?" என்று மேலிருந்து குரல் வரும்.

"பேசாம தள்ளு, டீச்சர். மூச்சை இழுத்துப் புடிச்சு... ஆங்."

முதல் அளவு பதினொன்று. வீட்டுக்குப் பின்னால் அவர் வேலை செய்யும் ஷெட்டின் சுவரில் சாக்கட்டியால் தேதி போட்டு எழுதினார். ஏழுதான் வேண்டும். நாலு கிலோ கையிருப்பு இருக்கிறது. அன்று இரண்டு பேருமே நன்றாகச் சாப்பிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அளந்தபோது எட்டரை.

மேசைக்கு அடியிலிருந்து அவர் வெளியே வர நேரமாயிற்று. வந்தவர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போனார். நல்ல நாளிலேயே வாயைத் திறக்காத மனிதர். அந்த வாரம் முழுக்க வீட்டில் ஆளே இல்லாத மாதிரி இருந்தார். தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்து போனார். ஷெட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். எட்டாம் நாள் ஒரு முடிவோடு எழுந்தார்.

"தராசுதான் கெட்டுப்போச்சு. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். எத்தனை வருஷத்துப் பண்டம்!"

பழையதைக் கழிவுத் தகர டப்பாவில் எறிந்துவிட்டுப் புதியது வாங்கி வந்தார். மறுபடியும் மேசை, மறுபடியும் தவழல். "ம், தள்ளு."

முள் பத்தைத் தொட்டு நின்றது.

"பார்த்தியா! நான் சொல்லலை? பத்து! அந்தத் திருட்டுத் தராசு ஒன்றரைக் கிலோ முழுங்கியிருக்கு!" மேசையின் அடிப்பலகையில் தலை இடித்துக்கொண்டு, தேய்த்துக்கொண்டே வெளியே வந்து சிரித்தார். டீச்சரும் சிரித்தாள். நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வியர்த்திருந்தது.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை அளந்தபோது வந்தவை: பத்து, ஒன்பதரை, ஒன்பதரை, ஒன்பது. ஃபிட்டர் சுவரில் புள்ளி வைத்துக் கோடு இழுத்துப் பார்த்தார். கோடு மெல்லத்தான் சாய்ந்தது. இந்தக் கணக்கில் ஏழைத் தொட இன்னும் ஆறு மாதத்துக்குக் குறையாது. டாக்டர் வீண் பயம் காட்டியிருக்கிறார். அவசரமில்லை.

நல்ல வேலைக்காரனுக்கு அவசரமில்லை என்று தெரிந்துவிட்டால் அவ்வளவுதான். முதலில் செய்த நெம்புகோலில் மயிரிழை ஆட்டம் இருந்தது. அதை உடைத்துப்போட்டு இரண்டாவது செய்தார். கைப்பிடி டீச்சரின் உள்ளங்கைக்குப் பொருந்த வேண்டும் என்று மெழுகில் அவள் பிடியை அச்செடுத்து, அதைப் பார்த்து மரத்தில் செதுக்கினார். மரம் வெயிலில் வெடிக்கும் என்று அலுமினியத்தில் மறுபடி கடைந்தார். துருப்பிடிக்காதிருக்க முலாம் பூசக் கொடுத்தார். முலாம் கடைக்காரன் மூன்று வாரம் இழுத்தான். வந்ததில் ஒரு கீறல் இருந்தது. திருப்பி அனுப்பினார்.

மைத்துனன் வரும்போதெல்லாம் ஷெட்டில் எட்டிப் பார்ப்பான். "என்ன மாமா, ராக்கெட் எப்ப கிளம்புது?"

"கிண்டல் பண்ணு, பண்ணு. வந்து தொட்டுப் பாரு. வெண்ணெயில கத்தி விட்ட மாதிரி போகும்."

"நீங்க கோயில் தேர் மாதிரி பண்ணிக்கிட்டு இருக்கீங்க. அக்காவுக்கு வேண்டியது பதினோரு நிமிஷம்."

டீச்சர் ஷெட் வாசலில் நாற்காலியை நிறுத்திக்கொண்டு பார்த்திருப்பாள். "எப்ப சார் டெலிவரி?" என்று வாடிக்கையாளர் மாதிரி கேட்பாள். "இன்னும் ரெண்டே வாரம் மேடம்" என்பார் இவர். இரண்டு வாரம் என்பது அந்த வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சாகிவிட்டிருந்தது. எப்போதிலிருந்து டீச்சர் அதற்குச் சிரிப்பதை நிறுத்தினாள் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தபோது ஃபிட்டருக்கு நினைவு வரவில்லை.

அவர் கண்ணில் படாமலும் இல்லை. எவர்சில்வர் டம்ளரை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் கோப்பையில் குடிக்க ஆரம்பித்திருந்தாள். "அது சுடுதுங்க" என்றாள். தைல பாட்டிலின் மூடியை நீட்டித் திறந்து தரச் சொன்னாள். டாக்டரிடம் தம்பியோடுதான் போய் வந்தாள். "என்ன சொன்னாரு?" என்றால் "அப்படியேதான் இருக்காம்" என்றாள். தம்பியிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள் போல. இதையெல்லாம் பார்க்கும்போது ஃபிட்டருக்கு உள்ளே எங்கேயோ ஒரு சத்தம் கேட்கும். ஷெட்டுக்குப் போவார். சுவரில் ஒன்பதரை என்று எழுதியிருக்கும். சத்தம் நின்றுவிடும்.

முதலில் இரண்டு வாரம் கேட்டதிலிருந்து ஐந்து மாதமும் சில நாட்களும் கழித்து வேலை முடிந்தது. உண்மையிலேயே அழகாக வந்திருந்தது. ஒரு விரலால் தொட்டால் ஓசையில்லாமல் அசைந்தது. டீச்சருக்கு உடம்பு முன்னால் சரியாமலிருக்க, கார் பெல்ட் போக மார்புக்குக் குறுக்கே இன்னொரு பட்டையும் தைத்து வைத்தார். சர்ட்டிபிகேட் இல்லாமல் டீச்சர் ரோட்டில் ஓட்ட முடியாது. முதலில் கிரவுண்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு போக்குவரத்து அதிகாரியிடம் காட்டிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

கிரவுண்டு டிரைவிங் ஸ்கூலுக்குச் சொந்தமானது. ஞாயிற்றுக்கிழமை யாரும் வரமாட்டார்கள். தரையில் எட்டுப் போடுவதற்கு வெள்ளைக்கோடு, ஓரமாகப் பிளாஸ்டிக் கூம்புகள், மூலையில் சிமென்ட்டுத் தண்ணீர்த் தொட்டி. டீச்சரைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து இரண்டு பட்டைகளையும் மாட்டினார். அவள் கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். இருக்கையைப் பார்த்தாள். ஸ்டியரிங்கைச் சுற்றி ஒருமுறை கையை ஓட்டினாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தில் டீச்சர் வந்து உட்கார்ந்ததை ஃபிட்டர் பார்த்தார்.

"ஃபிட்டரே, பெல்ட்டு."

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் அவசரமாகத் தன் பெல்ட்டை மாட்டினார்.

நெம்புகோலைத் தன் பக்கம் இழுத்தாள். இழுப்பதற்கு வலுவே தேவையில்லை. வண்டி வெண்ணெய் போலத்தான் நகர்ந்தது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. வலது கை உருண்டையைப் பிடித்துச் சுற்ற, எட்டின் இடுப்பில் கோட்டைத் தொடாமல் வண்டி திரும்பியது. "அம்மாடி" என்றாள் மெதுவாக. தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. எட்டு முடிந்து நேர்கோட்டுக்கு வந்தாள். எதிரே தண்ணீர்த் தொட்டி.

"அங்க நிறுத்து" என்றார் ஃபிட்டர்.

தள்ளினாள். வண்டி கொஞ்சம் தயங்கிவிட்டு மேலே போயிற்று. மறுபடி தள்ளினாள். தோளை முன்னால் கொண்டுபோகப் பார்த்தாள். பட்டைகள் இரண்டும் அவளை இருக்கையோடு பிடித்துக்கொண்டன. தொட்டி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஃபிட்டர் நடுவிலிருந்த கைபிரேக்கைச் சுண்டி இழுத்தார். டயர் கீச்சென்று தேய்ந்து, தொட்டிக்கு ஒரு முழம் இருக்கையில் வண்டி நின்றது.

"கை வழுக்கிடுச்சா?"

டீச்சர் நெம்புகோலிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"லிங்க் கம்பி எங்கயோ உரசுது போல. இரு, பார்க்கறேன்." அவர் அதற்குள் டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்துவிட்டார்.

"கீழ பார்க்காதீங்க" என்றாள் டீச்சர். "என்னைப் பாருங்க."

நிமிர்ந்தார்.

"அதுல ஒரு கோளாறும் இல்ல. என் கைல ஏழு கிலோ இல்லைங்க. ரொம்ப நாளாவே இல்ல."

"போன வாரம் ஒன்பது காட்டுச்சே?"

"சாஞ்சேன்."

அவருக்குப் புரியவில்லை.

"நீங்க மேசைக்கு அடியில இருந்தீங்கள்ல. நெம்புகோல் மேல கையை வெச்சு, உடம்பை அப்படியே முன்னால விட்டுடுவேன். விழுற மாதிரி. கை தள்ளலை, உடம்பு தள்ளுச்சு. நீங்க வெளிய வர்றதுக்குள்ள நாற்காலியைப் புடிச்சு நிமிர்ந்துடுவேன்."

"எப்பலேர்ந்து?"

"புதுத் தராசு வாங்கினீங்களே, அன்னிக்கு."

வெளியே கூம்பு ஒன்று காற்றில் உருண்டது. அவர் அதையே பார்த்தார்.

"எட்டரை வந்தப்போ ஒரு வாரம் நீங்க இருந்த இருப்பை என்னால பார்க்க முடியலைங்க. செத்த வீடு மாதிரி இருந்துச்சு. நான் இன்னும் இருக்கேன்ல? சரி, ரெண்டு வாரம்தானே சொல்றாரு, ரெண்டு வாரத்துக்குச் சமாளிச்சுட்டா வேலையை முடிச்சுடுவாரு, அப்ப நெஜமாவே எட்டு இருக்கும், ஓட்டிடலாம்னு நினைச்சேன்." மார்புக்குக் குறுக்கே இருந்த பட்டையைத் தொட்டாள். "நல்லாத்தான் இருக்குன்னு நீங்க மெருகு போட ஆரம்பிச்சீங்க. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

ஃபிட்டர் அவளைத் தூக்கிப் பக்கத்து இருக்கைக்கு மாற்றிவிட்டு, தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். பதினோரு நிமிஷப் பாதை.

வீட்டுக்கு வந்ததும் ஷெட்டுக்குப் போய்க் கழிவு டப்பாவைக் கவிழ்த்தார். போல்ட்டுகளுக்கும் உடைந்த ரம்பத் துண்டுகளுக்கும் நடுவே பழைய தராசு கிடந்தது. தொழிற்சாலையில் ஒரு கருவிமேல் சந்தேகம் வந்தால் முதலில் முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துச் சோதிப்பார்கள். சோதிக்காமல் எறிந்தவனை அவரே நிற்க வைத்து ஏசியிருக்கிறார். இரண்டு கிலோ கல்லைத் தொங்கவிட்டார். முள் இரண்டில் நின்றது. ஐந்து கிலோவைத் தொங்கவிட்டார். ஐந்து. புதிய தராசிலும் அப்படியேதான். இரண்டும் தங்கள்மேல் விழுந்த விசையைத்தான் காட்டியிருந்தன. சுவரில் எழுதியிருந்த எண்களில் பதினொன்றும் எட்டரையும்தான் கையினுடையவை. அவற்றுக்கு நடுவே ஒரு கோடு இழுத்திருந்தால் அது எப்போது ஏழில் போய் இடித்திருக்கும் என்று அவருக்குக் கணக்குப் போடத் தெரியும். அவர் அந்தக் கணக்கைப் போட்டார். போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தார்.

மறுநாள் மைத்துனன் லீவு போட்டுவிட்டு வந்தான். மூன்று பேருமாக ஒர்க்ஷாப்புக்குப் போனார்கள். ஒர்க்ஷாப்காரர் டீச்சரை இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட்டை இறுக்கி, தோளை ஒரு கையால் இருக்கையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப தள்ளுங்கம்மா. நான் யாரோ எவரோ. எனக்காகக் கஷ்டப்படாதீங்க."

மூன்றேகால்.

அவர் அதை யாருக்கும் படித்துக் காட்டாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். இவ்வளவு குறைந்த வலுவுக்கும் ஒரு கருவி உண்டு, இன்ஜினின் காற்றிழுப்பு கைக்குப் பதிலாகத் தள்ளுவது, வெளியிலிருந்து தருவிக்க வேண்டும், இரண்டு மாதம் ஆகும், அதற்குப் பிறகு அதிகாரி ஒரு நாள் பார்ப்பார் என்று விவரம் சொல்லிக்கொண்டே வந்தவர், டீச்சரின் விரல்களைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார்.

"நான் அன்னிக்கு வந்தப்பவே இவளையும் கூட்டிட்டு வந்திருந்தா?" என்று கேட்டார் ஃபிட்டர்.

"அதைத் தெரிஞ்சு இப்ப என்ன சார் பண்ணப் போறீங்க?"

பேச்சை மாற்றத்தான் போலிருக்கிறது, ஒர்க்ஷாப்காரர் ஊன்றுகோலைப் பிடித்துக் குனிந்து ஃபிட்டரின் நெம்புகோலைப் பார்த்தார். அசைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இப்படி ஒரு வேலை என் கடைல ஒருத்தனுக்கும் வராது சார்" என்றார் மனப்பூர்வமாக.

"வராம இருக்கறதே நல்லது" என்றாள் டீச்சர். "எங்க வீட்டுல எனக்கு ஒரு வியாதி, இவருக்கு இது ஒண்ணு."

மைத்துனன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. வெளியே போய்ச் சாலையைப் பார்த்து நின்றுகொண்டான். ஃபிட்டர் பின்னாலேயே போனார். திட்டுவான் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை போலிருந்தது. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்குத் தெரியும் மாமா. டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொன்னாரு. அக்கா சத்தியம் வாங்கிடுச்சு" என்றான். அவ்வளவுதான் அவர்களுக்குள் அதைப் பற்றி நடந்த பேச்சு.

நாலைந்து நாள் கழித்து டீச்சரே ஆரம்பித்தாள்.

"வாசல் வரைக்கும் வேணாங்க. கிரவுண்டு போதும். ஸ்டியரிங் மட்டும் என் கைல இருக்கட்டும். அதுக்கு வலது கை இன்னும் கொஞ்ச நாள் வரும். பிரேக்கை நீங்க பார்த்துக்கங்க."

"பக்கத்துல யாரும் பிரேக் புடிக்கக் கூடாதுன்னு சொன்னியே."

"சொன்னேன்" என்றாள். பிறகு, "வேற யாரும்தான்" என்றாள்.

நெம்புகோலைப் பக்கத்து இருக்கைக்கு எட்டுகிற மாதிரி நீட்ட வேண்டும். ஃபிட்டர் அரை நாளில் முடித்தார். கிடைத்த இரும்புக் கம்பியை வெட்டி, வளைத்து, பற்றவைத்தார். வெல்டு கோணலாகப் புடைத்துக்கொண்டு நின்றது. அரத்தை எடுத்துத் தேய்க்கக்கூட இல்லை. முலாம் பூசிய பளபளப்பில் அந்தத் துருக் கம்பி ஒட்டுப்போட்ட மாதிரி தொங்கியது. அன்று மாலையே கிரவுண்டுக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனார்கள். ஃபிட்டர் பிரேக் பிடிக்கத் தெரியாமல் பிடித்தார். இரண்டு பேரும் முன்னால் போய்க் குலுங்கினார்கள். "அழுத்துங்க, குத்தாதீங்க. பிரேக் என்ன கரப்பான்பூச்சியா?" என்று டீச்சர் அதட்டினாள். "இப்ப விடுங்க. மெதுவா. ம்... இப்ப கொஞ்சம் இழுங்க. கண்ணு ரோட்டுல." அவளுடைய குரலிலேயே வண்டி போயிற்று, நின்றது, திரும்பியது. பத்து பன்னிரண்டு ஞாயிறு அப்படி ஓடின. நாலாவது வாரத்தில் அவள் விரல்களை உருண்டைக் கைப்பிடியோடு ஒரு துணிப்பட்டையால் கட்ட வேண்டியிருந்தது. பிறகு ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. குரலும் தணிந்துகொண்டே வந்தது. கடைசியில் இன்ஜின் சத்தத்தில் அதைப் பிடிக்க ஃபிட்டர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

கடைசி ஞாயிறு என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. எட்டின் முதல் வட்டத்தை நன்றாகவே முடித்தாள். இடுப்பு வளைவில் நுழையும்போது, துணிப்பட்டைக்குள் கை அப்படியே நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. வண்டி கோட்டைத் தாண்டிக் கூம்புகளை நோக்கிப் போவதற்குள் மெத்தென்று நின்றது. குலுங்கவே இல்லை.

டீச்சர் முன்னால் பார்த்த கண்ணைத் திருப்பவில்லை.

"நான் பிரேக்குன்னு சொல்லவே இல்லையே" என்றாள்.

"தோள் இறங்குச்சு."

"கண்ணு ரோட்டுல இருக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

ஃபிட்டர் கம்பியிலிருந்து கையை எடுக்காமல், அவள் தோளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.